ஊறுகாய்ப் பொரியலும் ஒரு கடிதமும்



வட்டிலப்பம் பற்றி எழுதுவதாகச் சென்ற இதழில் சொல்லியிருந்தேன். அது ஒரு மாதம் பொறுக்கட்டும். கிழக்கிலங்கையிலிருந்து ஒரு சகோதரி எழுதிய கடிதம் என் மேசையில் கிடக்கிறது. அவருக்குத் தனியாக இரண்டு வரி எழுதித் தபாலில் சேர்த்துவிட்டேன். ஆனாலும் அவர் கேட்டது அவர் வீட்டுக்கு மட்டும் உரிய கேள்வி அல்ல. வெளிநாட்டில் பிள்ளைகள் இருக்கும் எல்லா வீட்டுக்கும் உரியது. அதனால் இந்த மாதப் பக்கம் அவருக்கே.

அவருடைய மூத்த மகன் குடும்பத்தோடு அவுஸ்திரேலியாவில் இருக்கிறார். பாடசாலை விடுமுறைக்கு மனைவி, பிள்ளைகளோடு ஊருக்கு வந்திருக்கிறார்கள். ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு நெய்ச்சோறு, இறைச்சி ஆணம், கத்தரிக்காய்ப் பஹி, அச்சாறு என்று சஹனில் வைத்துச் சாப்பிட உட்கார்ந்திருக்கிறார்கள். ஒன்பது வயதுப் பேத்தி அச்சாற்றைச் சுட்டிக் காட்டி, “மூத்தம்மா, இதை ஏன் நீங்க பொரிக்கல்ல?” என்று கேட்டிருக்கிறாள். எல்லோரும் சிரித்திருக்கிறார்கள். ஊறுகாயை யாராவது பொரிப்பார்களா? பிள்ளைக்குக் கோபம் வந்துவிட்டது. “எங்க ஊருக் கடையில் பொரிச்சுத் தருவாங்க” என்று தாயின் தொலைபேசியை எடுத்துப் படத்தைக் காட்டியிருக்கிறாள். வட்ட வட்டமாக, பொன்னிறமாக, பக்கத்தில் வெள்ளைச் சோஸ். படத்தின் ஓரத்தில் அந்தக் கடையின் உணவுப் பட்டியலும் விழுந்திருந்தது. அதில் “பியர்” என்ற சொல்லை முதலில் கண்டது சின்ன மகன். பியர் ஊற்றிக் கரைத்த மாவில் தோய்த்துப் பொரித்த ஊறுகாய்!

அதற்குப் பிறகு நடந்ததை அந்தச் சகோதரி ஒளிக்காமல் எழுதியிருக்கிறார். “பிள்ளைக்கு எதைத் தின்னக் கொடுக்கிறோம் என்றுகூடப் பார்க்க மாட்டியா?” என்று எல்லோர் முன்னிலையிலும் மருமகளைக் கேட்டுவிட்டாராம். மருமகள் பதில் பேசவில்லை. சஹனை விட்டு எழும்பிப் போய்விட்டார். கடிதம் எழுதும்போது மூன்று நாள். மருமகள் அடுப்படிப் பக்கம் வரவில்லை. கேட்டதற்கு “ஓம் மாமி, இல்லை மாமி” என்பதோடு சரி. பேத்தி மட்டும் ஒன்றும் புரியாமல் நடுவில் நிற்கிறாள்.

அவர் கேட்டவை இரண்டு கேள்விகள். அறியாமல் தின்றதற்குக் குற்றம் உண்டா? அந்தப் பொரியலை ஹலாலான முறையில் வீட்டிலே செய்ய முடியுமா? கேட்காமல் கேட்டிருக்கும் மூன்றாவது கேள்வியும் ஒன்று இருக்கிறது. அதற்குக் கடைசியில் வருகிறேன்.

முதல் கேள்விக்கு நான் ஆலிமா அல்ல. ஆனாலும் நாம் எல்லோரும் ஓதிப் பள்ளியில் படித்தது போதும். தெரியாமல் உண்டவர் மீது பாவம் இல்லை. தெரிந்த பிறகு விலகிக்கொள்ள வேண்டும். அவ்வளவுதான். பருவமடையாத பிள்ளைக்கோ அதுவும் எழுதப்படுவதில்லை. தாய் வேண்டுமென்று கொடுக்கவில்லை. மரக்கறி என்று நினைத்துக் கொடுத்திருக்கிறார். வெளிநாட்டில் இறைச்சியை விசாரிப்பவர்கள்கூட மரக்கறி என்றால் யோசிக்காமல் வாங்கிவிடுவார்கள். பிழை அங்கேதான் நுழைகிறது.

“பொரிக்கும்போது அந்த மது ஆவியாகிப் போய்விடுமே” என்று சிலர் சொல்வார்கள். முழுவதும் போவதில்லை. சமைத்த உணவில் கொஞ்சம் மிஞ்சத்தான் செய்யும். அது மிஞ்சினாலும் மிஞ்சாவிட்டாலும் நம் ஷாபிஈ மத்ஹபில் மது நஜீஸ். நஜீஸ் கலந்த மாவை எண்ணெயில் போட்டதும் அது சுத்தமாகிவிடாது. ஆகவே, வெளியே சாப்பிடும் சகோதரிகள் மீன் பொரியல், வெங்காய வளையம், இந்த ஊறுகாய்ப் பொரியல் எதுவானாலும் “மாவை எதில் கரைத்தீர்கள்?” என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை. மேலைநாடுகளில் ஒவ்வாமை உள்ளவர்கள் இதைவிட நுணுக்கமாக விசாரிக்கிறார்கள், கடைக்காரரும் பழகியிருப்பார்.

பியரை ஏன் ஊற்றுகிறார்கள் என்று தெரிந்துகொண்டால் அதை விடுவது எவ்வளவு சுலபம் என்று விளங்கும். அதில் வாயு இருக்கிறது. குமிழி குமிழியாக மாவுக்குள் நின்று, சூடான எண்ணெயில் விழுந்ததும் விரிந்து, பூச்சை மெல்லியதாகவும் மொறுமொறுப்பாகவும் ஆக்குகிறது. இதே வாயு கடையில் வாங்கும் வெறும் சோடாவிலும் இருக்கிறது. நன்றாகக் குளிர வைத்த சோடாவில் கரைத்தால் வித்தியாசமே தெரியாது. “மது நீக்கிய பியர்” என்று போத்தலில் விற்பதையும் சிலர் கேட்கிறார்கள். சோடா இருக்கும்போது அந்தச் சந்தேகத்தை எதற்காக வீட்டுக்குள் கொண்டுவர வேண்டும்?

இந்தப் பொரியல் எங்கிருந்து வந்தது? அமெரிக்காவின் தென்பகுதியில் ஆர்க்கன்ஸா மாநிலத்தில் அட்கின்ஸ் என்று ஒரு சிறிய ஊர். அங்கே ஊறுகாய்த் தொழிற்சாலை ஒன்று இருந்தது. அதற்கு எதிரே சாப்பாட்டுக் கடை வைத்திருந்தவர் பெர்னல் ஒஸ்டின். ஊரார் அவரைக் “குண்டர்” என்றே கூப்பிடுவார்களாம். எதிர்ப்பக்கத்தில் மலைபோல் கிடந்த ஊறுகாயை என்ன செய்யலாம் என்று யோசித்து, 1963இல் மாவில் தோய்த்துப் பொரித்து விற்கத் தொடங்கினார். அதற்கு முந்திய வருடமே கலிபோர்னியாப் பத்திரிகை ஒன்றில் இதுபோன்ற குறிப்பு வந்துவிட்டது என்பாரும் உண்டு. எப்படியானாலும் புகழ் அட்கின்ஸுக்குத்தான். இன்று அமெரிக்கா முழுவதும் இது சாதாரணப் பலகாரம்.

அவர்கள் பொரிப்பது நம்முடைய எண்ணெய் ஊறுகாயை அல்ல, அச்சாற்றையும் அல்ல. சிறிய வெள்ளரிக்காயை வினாகிரியிலோ உப்புத் தண்ணீரிலோ சதகுப்பையோடு ஊறவைத்தது. நம் சுப்பர் மார்க்கெட்டுகளில் “கேர்கின்” என்று போத்தலில் கிடைக்கும். வேடிக்கை என்னவென்றால், அந்தக் காய் நம் நாட்டிலேயே விளைகிறது. 1980களின் பிற்பகுதியிலிருந்து மகாவலிப் பகுதிகளிலும் அநுராதபுரப் பக்கத்திலும் விவசாயிகள் ஏற்றுமதிக் கம்பனிகளுக்காகப் பயிரிட்டுக் கொடுக்கிறார்கள். உப்புத் தண்ணீரிலும் வினாகிரியிலும் இட்டுப் பீப்பாய் பீப்பாயாகக் கப்பலேறுகிறது. அந்தப் பேத்தி அவுஸ்திரேலியாவில் தின்றதுகூட ஒருவேளை நம் மண்ணில் விளைந்த காயாக இருக்கலாம். யார் கண்டது?

போத்தலில் வாங்குவதற்கு விலை அதிகம். கெக்கரிக்காயில் வீட்டிலேயே போடலாம். ஆனால் அதற்கு முன் வினாகிரியைப் பற்றிப் பேசியாக வேண்டும். இதைத்தான் பல சகோதரிகள் அடிக்கடி கேட்கிறார்கள்.

வினாகிரி நல்ல உணவுதான். வீட்டில் தொட்டுக்கொள்ள வேறொன்றும் இல்லாதபோது நபி (ஸல்) அவர்கள் அதைக் கேட்டு வாங்கி உண்டு புகழ்ந்ததாக ஜாபிர் (ரலி) அவர்கள் அறிவிக்கும் ஹதீஸ் ஸஹீஹ் முஸ்லிமில் இருக்கிறது. அதே நூலில், மதுவை எடுத்து நாமாக வினாகிரி ஆக்கலாமா என்று கேட்டபோது அனுமதிக்கவில்லை என்று அனஸ் (ரலி) அவர்களின் அறிவிப்பும் இருக்கிறது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தே நம் மத்ஹபின் இமாம்கள் சட்டம் சொன்னார்கள். மது எதுவும் சேர்க்கப்படாமல் தானாகவே புளித்து வினாகிரியாக மாறினால் அது சுத்தம். ஏதாவது பொருளைப் போட்டு மாற்றினால் சுத்தம் அல்ல. மற்ற மத்ஹபுகளில் இதில் வேறு கருத்தும் உண்டு.

நம் நாட்டில் இது வெறும் ஏட்டுக் கேள்வி அல்ல. இங்கே “இயற்கை வினாகிரி” என்று விற்பதில் ஒரு வகை தென்னங்கள்ளிலிருந்து செய்வது. கள் காற்றுப் பட்டுப் புளித்துப் புளித்து வினாகிரியாகிறது. தானாக மாறியதா, விரைவாக மாறுவதற்குப் பழைய வினாகிரியையோ வேறெதையுமோ ஊற்றினார்களா என்பது போத்தலைப் பார்த்து நமக்குத் தெரியாது. தேங்காய்த் தண்ணீரில் செய்ததும் உண்டு. “செயற்கை வினாகிரி” என்பது அசற்றிக் அமிலத்தில் தண்ணீர் கலந்தது. அதில் கள் இல்லை. சந்தேகம் வேண்டாம் என்பவர்கள் அதைத்தான் வாங்குகிறார்கள். நானும் அதையே வாங்குகிறேன். இயற்கை வினாகிரிதான் வேண்டுமென்றால் லேபலில் எதிலிருந்து செய்தது என்று வாசியுங்கள், ஹலால் சான்று இருக்கிறதா என்று பாருங்கள், உங்கள் ஊர் மௌலவியிடம் கேளுங்கள். ஒரு எச்சரிக்கை: செயற்கை வினாகிரி என்பது கடையில் கலந்து போத்தலில் வருவதுதான். இறப்பர் பால் உறையவைக்கும் அமிலத்தை மலிவென்று வாங்கி வீட்டில் கலக்க எக்காரணம் கொண்டும் நினைக்காதீர்கள். குடலை வேகவைத்துவிடும்.

இனி ஊறுகாய். பிஞ்சான கெக்கரிக்காய் அரைக் கிலோ எடுங்கள். முற்றியது கிடைத்தால் நடுவில் உள்ள விதையை வழித்து எறிந்துவிடுங்கள். அது வெறும் தண்ணீர். தோலோடு கால் அங்குலக் கனத்தில் வட்டமாக வெட்டுங்கள். இதைவிட மெல்லிதானால் பொரிக்கும்போது காய் காணாமல் போய், வெறும் மாத்தான் வாயில் அகப்படும். ஒரு மேசைக்கரண்டி உப்பைப் பிசறி ஒரு மணி நேரம் வடிதட்டில் வையுங்கள். தண்ணீர் வடிந்ததும் கையால் மெல்ல அழுத்தி எடுத்து, கொதிநீரில் கழுவிக் காயவைத்த கண்ணாடிப் போத்தலில் போடுங்கள்.

ஒன்றரைக் கப் வினாகிரி, அரைக் கப் தண்ணீர், ஒரு மேசைக்கரண்டி சீனி, ஒரு தேக்கரண்டி உப்பு, ஒரு தேக்கரண்டி கடுகு, பத்துப் பன்னிரண்டு மிளகு, தட்டிய உள்ளிப்பூண்டு நான்கு பல், கீறிய பச்சை மிளகாய் இரண்டு. இவற்றோடு அரைத் தேக்கரண்டி சதகுப்பை விதை. எங்கே தேடுவது என்று யோசிக்காதீர்கள். நாட்டு மருந்துக் கடையில் பிள்ளைப்பேற்றுச் சரக்கோடு நம் உம்மாமார் வாங்கும் அதே சதகுப்பைதான். வெள்ளைக்காரர் ஊறுகாயின் மணம் முழுவதும் அதில்தான் இருக்கிறது. எல்லாவற்றையும் ஒரு கொதி கொதிக்கவிட்டு, சூடு சற்று ஆறியதும் காய் மூழ்கும்படி ஊற்றுங்கள். அலுமினியச் சட்டி வேண்டாம், புளிப்பு அதைத் தின்னும். எவர்சில்வர் நல்லது. ஆறியதும் மூடிக் குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள். இரண்டு நாளில் பொரிக்கப் பதமாகிவிடும். குளிர்ப்பெட்டிக்கு உள்ளேயே வைத்தால் இரண்டு மூன்று வாரம் நன்றாக இருக்கும். இது வெளியே வைத்து வருடக் கணக்கில் பாவிக்கும் ஊறுகாய் அல்ல.

கறிமிளகாயையும் இதே முறையில் வட்டமாக வெட்டி ஊறவைக்கலாம். சொன்னால் கோபிக்காதீர்கள், எனக்குக் கெக்கரிக்காயைவிட அதுதான் பிடிக்கும். லேசான உறைப்பும் புளிப்பும் மாவுக்குள்ளிருந்து வரும்போது தேத்தண்ணியோடு நிறுத்தாமல் தின்னத் தோன்றும். நம்முடைய மலே அச்சாற்றைப் பொரிக்க முடியுமா என்று கேட்பீர்கள். அதில் அரைத்த கடுகும் சீனியும் ஒட்டியிருக்கும். மா பிடிக்காது, பிடித்தாலும் சீனி கருகிக் கசக்கும். அச்சாறு அச்சாறாகவே இருக்கட்டும்.

இப்போது நான் சொல்லப் போவதைத் தயவுசெய்து இரண்டு முறை வாசியுங்கள். மற்றதெல்லாம் பிழைத்தாலும் பரவாயில்லை, இது பிழைக்கக் கூடாது. எண்ணெயில் போடும் துண்டில் ஈரம் சொட்டக் கூடாது.

பல வருடங்களுக்கு முன் ஒரு நோன்பு மாதம். அஸர் தொழுதுவிட்டு அவசர அவசரமாக அடுப்படிக்கு வந்தேன். வினாகிரியில் ஊறிய கறிமிளகாயை அப்படியே அள்ளி மாவில் போட்டு, கை நிறையத் தாச்சிக்குள் விட்டேன். ஊறுகாய்த் துண்டு வெளியே திடமாகத் தெரிந்தாலும் உள்ளே முழுக்கத் தண்ணீர். அந்தத் தண்ணீர் சூடான எண்ணெயில் ஒரு நொடியில் ஆவியாகும். வெளியே வர வழியில்லாவிட்டால் மாவைக் கிழித்துக்கொண்டு வெடிக்கும், எண்ணெயையும் தூக்கிக்கொண்டு வரும். எனக்கு வலது முழங்கைக்குக் கீழே பட்டது. மாமி ஓடிவந்து பற்பசையைப் பூசினார். அன்புதான், ஆனால் ஆஸ்பத்திரியில் அதைச் சுரண்டி எடுக்கும்போது பட்ட வேதனை சுட்டபோது பட்டதைவிடப் பெரிது. தழும்பு இன்னும் இருக்கிறது.

நம் முன்னோருக்கு இது தெரியும். யோசித்துப் பாருங்கள், நம் பக்கத்திலும் ஊறவைத்ததைப் பொரிக்கிறோம்: மோர்மிளகாய். உப்பு மோரில் ஊறவைத்து, பாயில் பரப்பி, நாள் கணக்கில் வெயிலில் உலர்த்தி, கலகலவென்று சத்தம் கேட்கும்வரை காயாமல் உம்மும்மாமார் அதை எண்ணெய்க்கு விடவே மாட்டார்கள். அந்தப் பேத்தி கேட்ட கேள்விக்கு அன்று சஹனில் சிரிக்காமல் சொல்லியிருக்க வேண்டிய பதில் இதுதான்: “நாங்களும் பொரிப்போம் மகள், காயவைத்துப் பொரிப்போம்.”

கெக்கரிக்காயை அவ்வளவு காயவைக்கத் தேவையில்லை. வினாகிரியிலிருந்து எடுத்து அரை மணி நேரம் வடிதட்டில் விடுங்கள். பிறகு சுத்தமான பருத்தித் துணியில் ஒவ்வொன்றாகப் பரப்பி, மேலே இன்னொரு துணி போட்டு உள்ளங்கையால் ஒற்றி அழுத்துங்கள். துணி நனைந்தால் மாற்றி இன்னொரு முறை. அதன்பின் துண்டுகளை உலர்ந்த சோளமாவில் புரட்டி உதறிவிடுங்கள். மிஞ்சிய ஈரத்தை அது குடித்துக்கொள்ளும். கரைசல் வழுக்கி விழாமல் பிடித்துக்கொள்ளவும் அதுதான் உதவும். பொரித்த பிறகு மா வேறு, காய் வேறாகக் கழன்று போகிறது என்று முறையிடுபவர்கள் எல்லோரும் இந்த இடத்தில் அவசரப்பட்டவர்கள்தான்.

இருபது இருபத்தைந்து துண்டுக்கு மாக் கரைசல்: அரைக் கப் கோதுமை மா, கால் கப் வறுக்காத அரிசி மா, இரண்டு மேசைக்கரண்டி சோளமா, அரைத் தேக்கரண்டி பேக்கிங் பவுடர், அரைத் தேக்கரண்டி மிளகாய்த்தூள், கால் தேக்கரண்டி மிளகுதூள், ஒரு சிட்டிகை மஞ்சள். உப்பு வேண்டாம், காயிலேயே போதுமான அளவு இருக்கிறது. எல்லாவற்றையும் உலர்வாகவே கலந்து வைத்துக்கொள்ளுங்கள். எண்ணெய் காய்ந்த பிறகுதான் குளிர்ந்த சோடாவை ஊற்ற வேண்டும். முக்கால் கப்புக்குச் சற்றுக் குறைவாகப் பிடிக்கும். கரண்டியின் பின்பக்கத்தில் பூசியதுபோல் நிற்க வேண்டும், தோசை மாவைவிடச் சற்று இளக்கம். நாலு சுற்றுச் சுற்றிவிட்டு நிறுத்துங்கள். சிறு கட்டிகள் இருந்தால் இருக்கட்டும். கட்டி உடையும்வரை அடித்தால் வாயுவும் போய்விடும், மாவும் இழுபட்டு இறுகிவிடும். முன்கூட்டியே கரைத்து வைத்துவிட்டுத் தொழப் போகிறவர்கள் சோடாவுக்குப் பதில் தண்ணீரையே ஊற்றலாம், காசாவது மிஞ்சும்.

ஆழமான தாச்சியில் பாதிக்கு மேல் எண்ணெய் ஊற்றாதீர்கள். செக்கில் ஆட்டிய தேங்காயெண்ணெய் சீக்கிரம் புகையும். இதற்குச் சுத்திகரித்த எண்ணெய் நல்லது. சூடு 180 பாகை செல்சியஸ் அளவு. வெப்பமானி இல்லாதவர்கள் ஒரு சொட்டு மாவை விட்டுப் பாருங்கள். அடியில் போய் அப்படியே கிடந்தால் சூடு போதாது. விழுந்ததும் கருத்தால் அதிகம். கொஞ்சம் அமிழ்ந்து உடனே மேலே வந்து சுற்றிக் குமிழி விட்டால் அதுதான் பதம். ஒரு தடவைக்கு ஐந்தாறு துண்டு. அதற்கு மேல் போட்டால் எண்ணெய் குளிர்ந்து, பொரியல் எண்ணெய் குடிக்கும். துண்டை உயரத்திலிருந்து போடாமல், எண்ணெய்க்கு அருகே கொண்டுபோய் உங்களுக்கு எதிர்ப்பக்கமாகச் சரியவிடுங்கள். இரண்டு மூன்று நிமிடம், ஒரு முறை புரட்டினால் போதும். குமிழிச் சத்தம் அடங்கி, நிறம் பொன்னாகும்போது ஓட்டைக் கரண்டியால் அள்ளிக் கம்பித் தட்டில் வையுங்கள். பத்திரிகைத் தாளில் வடியவிடும் பழக்கத்தை விட்டுவிடுவோம். அந்த மை எண்ணெயில் கரைந்து பிள்ளைகளின் வயிற்றுக்குத்தான் போகிறது. தட்டு மேல் தட்டாகக் குவிக்கவும் வேண்டாம், ஆவி பிடித்துச் சொதசொதத்துவிடும்.

தொட்டுக்கொள்ள அமெரிக்கர்கள் ஒரு வெள்ளைச் சோஸ் வைப்பார்கள். நமக்கு எருமைத் தயிர் இருக்கும்போது என்ன குறை? ஒரு கப் தயிரைத் துணியில் கட்டி அரை மணி நேரம் தொங்கவிட்டு, அதோடு ஒரு பல் உள்ளிப்பூண்டு, மிளகு, பொடியாக அரிந்த புதினா, சில சொட்டுத் தேசிக்காய்ச் சாறு சேர்த்து அடியுங்கள். கடையில் வாங்கும் சோஸ் இதற்குப் பக்கத்தில் நிற்காது.

உப்பைப் பற்றி ஒரு வார்த்தை. ஊறுகாயில் உப்பு, பொரியலில் எண்ணெய். பிரஷர் உள்ளவர்கள் ருசி பார்க்க ஒன்றிரண்டோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். நோன்பு துறக்கும் நேரத்தில் வெறும் வயிற்றில் இதை முதலில் எடுக்காதீர்கள். பேரீச்சம்பழம், தண்ணீர், கஞ்சி எல்லாம் முடிந்து கடைசியில் ஆளுக்கு நாலு துண்டு. ஸஹருக்கு வேண்டவே வேண்டாம், நாள் முழுக்கத் தாகம் வாட்டும்.

அடுப்படியில் நிற்கும்போது அகலக் கை அபாயாவையும் தொங்கும் சோலையும் கழற்றி வையுங்கள் அல்லது இறுக்கிச் செருகுங்கள். நைலோன் துணியில் தீ பிடித்தால் உடம்போடு உருகி ஒட்டும். தாச்சி எண்ணெயே தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றக் கூடாது. கேஸை நிறுத்தி, தட்டையான மூடியால் மூடிவிட்டு, ஆறும்வரை திறக்காமல் விடுங்கள். கையில் சுட்டுவிட்டால் பற்பசை, தேங்காயெண்ணெய், மை, முட்டை ஒன்றும் வேண்டாம். குழாய்த் தண்ணீரில் இருபது நிமிடம் பிடித்துக்கொண்டே இருங்கள். ஐஸ் வைக்காதீர்கள். வீங்குவதற்கு முன் காப்பையும் மோதிரத்தையும் கழற்றிவிடுங்கள். கொப்புளத்தை உடைக்காமல் சுத்தமான துணியால் மூடுங்கள். பிள்ளைக்குப் பட்டாலோ, முகத்தில், மூட்டில் பட்டாலோ, உள்ளங்கையைவிடப் பெரிதாக இருந்தாலோ தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

கேட்காமல் கேட்ட அந்த மூன்றாவது கேள்விக்கு வருகிறேன். மருமகளோடு பேச்சை எப்படித் தொடங்குவது என்பதுதானே அது?

சகோதரியே, நீங்கள் சொன்ன விஷயம் சரி. சொன்ன இடம்தான் பிழை. உங்கள் மகனும்தான் அந்தக் கடையில் கூட இருந்திருப்பார். அவரிடம் நீங்கள் கேட்கவில்லை. அந்நிய நாட்டில் பிள்ளைக்கு ஹலாலைத் தேடித் தேடிக் கொடுத்துக்கொண்டிருக்கும் ஒருவருக்கு, தவறிய ஒரு தடவையை வைத்து எல்லோர் முன்னிலையிலும் சொல்லும்போது எப்படி இருக்கும்? அவர் உள்ளுக்குள் பிள்ளைக்கு இப்படி நடந்துவிட்டதே என்று உங்களைவிட அதிகமாக வருந்திக்கொண்டிருப்பார். இந்தப் பக்கத்தைக் கொண்டுபோய் அவர் கையில் நீட்டாதீர்கள், அதுவும் ஒரு குத்தலாகப் போய்விடும். கெக்கரிக்காயை நீங்களே வெட்டி ஊறப்போடுங்கள். மூன்றாம் நாள் பின்னேரம் பேத்தியை அழைத்து, “உம்மாவைக் கூட்டிக்கொண்டு வா, எனக்கு இந்த வெள்ளைக்காரப் பொரியல் பிடிபடவில்லை” என்று சொல்லியனுப்புங்கள். துண்டுகளைத் துணியில் ஒற்றுகிற வேலையைப் பேத்திக்குக் கொடுங்கள். அடுப்பிலிருந்து தள்ளி, மேசையில். மாவைக் கரைக்க மருமகளிடம் விடுங்கள், கடையில் பார்த்தவர் அவர். நீங்கள் தாச்சியைக் கவனியுங்கள். முதல் தட்டு வந்ததும் அவருக்கு நீட்டி, “அண்டைக்கு நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது மகள்” என்று ஒரு வார்த்தை. பிள்ளைக்கும் கேட்கும்படியே சொல்லுங்கள். எல்லோர் முன்னிலையிலும் ஏசியதை எல்லோர் முன்னிலையிலும்தான் எடுக்க வேண்டும்.

தபாலில் போட்ட இரண்டு வரியிலும் இதைத்தான் எழுதினேன். பதில் இன்னும் வரவில்லை.

போத்தலில் மிஞ்சும் வினாகிரியைக் கொட்டாதீர்கள். வெங்காயம், தக்காளிச் சம்பலில் தேசிக்காய்க்குப் பதிலாக இரண்டு கரண்டி விடலாம். இறைச்சியை ஊறவைக்கவும் நல்லது. ஆனால் அதிலேயே புதுக் காயைப் போட்டு மறுபடி ஊறுகாய் போட வேண்டாம், புளிப்பு இறங்கிப் போயிருக்கும், பூஞ்சணம் பிடிக்கும். பொரித்த எண்ணெயை வடித்து வைத்து இரண்டொரு நாளுக்குள் மீன் பொரிக்க ஒரு முறை எடுக்கலாம். கறுத்துப் போனால் தொட்டிக்குள் ஊற்றாமல் போத்தலில் அடைத்து எறியுங்கள்.

அடுத்த மாதம், இன்ஷா அல்லாஹ், வட்டிலப்பம். கித்துள் கருப்பட்டிக்குப் பதிலாகச் சீனிப் பாகு கலந்த கருப்பட்டியைத் தலையில் கட்டுகிறார்கள் என்று நீர்கொழும்பிலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். அதைக் கண்டுபிடிக்க உங்கள் வீட்டில் ஏதாவது முறை இருந்தால் இதழ் அச்சுக்குப் போவதற்குள் எனக்கு எழுதுங்கள்.

வஸ்ஸலாம்.